பக்கத்தில் நாலு பேர், பேச ஒருவரும் இல்லை

கேள்வி: எனக்கு வயது 39. கோவையில் மென்பொருள் வேலை. படிப்பு முடித்த புதிதில், 2007-ல், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். ஐரோப்பிய சர்வர். எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், இருபது பேர் போல இருந்தோம். போலந்து, போர்ச்சுகல், எகிப்து என்று ஆளுக்கொரு நாடு. அப்பா தவறிய வாரம் தூக்கம் வராமல் உள்ளே போனேன். எங்கள் ஹீலர் (குழுவில் காயம் ஆற்றுபவர்), போலந்துக்காரர், "வா, மீன் பிடிக்கலாம்" என்று ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம், குழந்தை என்று 2011-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இப்போது திரும்பிப் போய் ஆறு மாதமாகிறது. பட்டனை அழுத்தினால் நாலு பேர் வந்து நிற்கிறார்கள், இருபது நிமிடத்தில் டஞ்சன் (குழுவாக உள்ளே போய் எதிரிகளை வெல்லும் இடம்) முடிகிறது, கலைந்துவிடுகிறார்கள். "ஹாய்" போட்டால் பதில் இல்லை. விளையாட்டு மாறிவிட்டதா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா? மனைவி, "பேச ஆள் வேண்டும் என்றால் வெளியே போய் நாலு மனுஷரைப் பாருங்கள்" என்கிறாள். அந்தப் பழைய அனுபவம் திரும்பக் கிடைக்க வழி உண்டா, இல்லை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விளையாட்டு மாறிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். நீங்கள் எழுதியதை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வயதுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2009 டிசம்பரில், 3.3 பேட்ச் என்ற புதுப்பிப்பு வந்தது. டஞ்சனுக்குத் தானாக ஆள் சேர்த்துத் தரும் டஞ்சன் ஃபைண்டர் என்ற கருவி அதில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு டஞ்சனுக்குப் போவது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் நின்று அடி தாங்க ஒரு டேங்க், ஒரு ஹீலர், அடிப்பதற்கு மூன்று பேர் வேண்டும். சாட்டில் ஆள் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் தெரிந்தவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, "ஒரு மணி நேரம் வர முடியுமா?" என்று கெஞ்ச வேண்டும். ஆள் சேர்ந்ததும் இரண்டு பேராவது டஞ்சன் வாசல்வரை பயணம் போய், அங்கே நட்டிருக்கும் கல்லை வைத்து மற்றவர்களை வரவழைக்க வேண்டும். உள்ளே எல்லாரும் செத்துப்போனால் ஆவியாக ஓடி வர வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. நன்றாக ஆடிய டேங்கின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டோம். கிடைத்த பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் பெயரும் சர்வர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கும் இதே ஆட்களின் தயவு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

புதுக் கருவி, பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து நேராக டஞ்சனுக்குள் இறக்கியது. முடிந்ததும் அவரவர் சர்வருக்குத் திரும்பிவிடுவார்கள். மனத்துக்குப் பிடித்த ஒருவரைச் சந்தித்தாலும், வேறு சர்வர்க்காரர் என்பதால் நண்பர் பட்டியலில் சேர்க்கக்கூட அன்றைக்கு வழியில்லை. இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த ஆளிடம் என்ன பேசுவது? அங்கிருந்துதான் நீங்கள் இன்று பார்க்கும் மௌனம் ஆரம்பித்தது என்பது என் கணிப்பு.

அதே பேட்சில் வந்த இன்னொரு வசதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குவெஸ்ட்டை (விளையாட்டு தரும் பணியை) எங்கே போய் முடிக்க வேண்டும் என்று வரைபடமே காட்ட ஆரம்பித்தது. விளையாட்டின் இரண்டு அணிகளில் நீங்கள் ஹோர்டு பக்கம் ஆடியிருந்தால் பேரன்ஸ் சமவெளியின் சாட் மறந்திருக்காது. "மான்கிரிக்கின் மனைவி எங்கே?" என்று யாராவது ஒருவர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பார். குவெஸ்ட் கொடுப்பவர் சொல்லும் தடயம் தெளிவாக இருக்காது, அதனால் கேட்டே ஆக வேண்டும். கிண்டல் வரும், தப்பான வழி வரும், நடுவில் யாராவது "நானும் அங்கேதான் போகிறேன், கூட வா" என்பார். எத்தனையோ நட்புகள் இப்படி ஓர் அற்பக் கேள்வியில் தொடங்கியவை. வரைபடத்தில் புள்ளி வைத்ததும் கேள்விக்கு வேலையில்லாமல் போனது.

எங்கள் தொழிலில் இதை யோசிக்காமல் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆட்டக்காரர் எங்கே சலிப்படைகிறார், எங்கே காத்திருக்கிறார், எங்கே விட்டுவிட்டுப் போகிறார் என்று பார்ப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. காத்திருக்கும் இடம் தெரிந்தால் அதை நீக்குவோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல காரியமாகவே தெரியும். ஆனால் அந்த இடைஞ்சல்களில்தான் பேச்சு குடியிருந்தது. எந்த விளையாட்டிலும் சாட் பெட்டி வைத்ததால் மட்டும் மனிதர்கள் பேசிவிடவில்லை. ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள், சேர்ந்து காத்திருந்தார்கள், மறுநாள் மறுபடி எதிரில் வந்தார்கள், அதனால் பேசினார்கள்.

எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டைப் பாருங்கள், 1999 மார்ச்சில் வந்தது. அதில் மந்திரசக்தி தீர்ந்துவிட்டால் தரையில் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆரம்ப லெவல்களில் அந்தப் புத்தகம் திரையின் பெரும்பகுதியை மறைத்துவிடும்; சண்டை தெரியாது, சாட் தெரியும். குழுவில் இருப்பவர்களோடு பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. ரயிலில் எட்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ அப்படித்தான் அங்கேயும் நடந்தது. செத்தால் உடல் கிடக்கும் இடத்துக்குப் போய்ப் பொருள்களை எடுத்துவர வேண்டும், அதற்கு ஆள் துணை வேண்டும். இழந்த அனுபவப் புள்ளிகளை மீட்க உயிர்ப்பிக்கத் தெரிந்த கிளெரிக் வேண்டும். தூர ஊருக்குச் சீக்கிரம் போக வேண்டுமென்றால் இடம் மாற்றும் மந்திரம் தெரிந்த ஒரு ட்ரூயிடையோ விசார்டையோ கேட்க வேண்டும். தனியாக ஆடினால் காலம் தள்ளுவது கஷ்டம்.

விற்பனை இன்னும் சுவாரசியம். ஏலக்கடை கிடையாது. ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு, பல சர்வர்களில் ஆட்டக்காரர்களே அதைச் சந்தையாக்கிக்கொண்டார்கள். வடிவமைத்தவர்கள் அதைச் சந்தையாக நினைத்துக் கட்டவில்லை. சாயங்காலமானால் அங்கே போய் நின்று விலை கூவுவது, பேரம் பேசுவது, பொருள் வாங்காமல் வெறுமனே வம்பளப்பது எல்லாம் நடக்கும். 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில் பஸார் என்று தனி இடம் கட்டி, ஆட்டக்காரர் இல்லாதபோதும் அவர் கேரக்டர் விற்றுக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். வசதிதான். சுரங்கப்பாதை காலியானது.

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் விளையாட்டில் (2003) இதைத் தெரிந்தே செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது. சண்டை போட்டுப் போட்டு உங்கள் கேரக்டருக்குக் களைப்பு ஏறும். அது தீர, ஊரில் இருக்கும் கேன்டீனா என்ற கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, இன்னொரு ஆட்டக்காரர் ஆடுவதையோ வாசிப்பதையோ பார்க்க வேண்டும். நடனமாடுவதையும் இசை வாசிப்பதையுமே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள், ஒரு சண்டையும் போடாமல். ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஷட்டிலுக்கும் சில நிமிடம் நின்று காத்திருக்க வேண்டும். அதன் படைப்பு இயக்குநர் ராஃப் கோஸ்டர், மனிதர்கள் கூடிப் பேச ஒரு சாக்கு வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தவர். 2005 நவம்பரில் அந்த விளையாட்டையே பெரிய அளவில் மாற்றி எளிமையாக்கினார்கள், பழைய ஆட்டக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜெடாய் வீரர்களைவிடக் கேன்டீனாவைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இதில் ஒருவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாக இருக்காது. டஞ்சன் ஃபைண்டர் வந்தபோது கோடிக்கணக்கான மணி நேரக் காத்திருப்பிலிருந்து விடுதலை கிடைத்த சந்தோஷம் உண்மையானது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நாற்பது நிமிடம் மட்டும் கிடைக்கிற ஆளுக்கு, நகரச் சதுக்கத்தில் நின்று ஆள் தேடும் பொறுமை கிடையாது. 2022-ல் வார்கிராஃப்ட்டின் பழைய லிச் கிங் காலத்துப் பதிப்பை மறுபடி வெளியிட்டபோது, நட்பு வளரட்டும் என்று அந்தக் கருவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பலர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அடுத்த ஆண்டு அது உள்ளே வந்தது. இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், மனிதரே வேண்டாம் என்ற நிலைக்கும் வந்தாயிற்று. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் முதன்மைக் கதையின் டஞ்சன்களைக் கணினித் துணைவர்களோடு முடிக்கலாம். நீங்கள் ஆடும் வார்கிராஃப்ட்டிலும் 2024 ஜனவரி முதல் சில டஞ்சன்களில் அப்படிச் செய்யலாம்.

சரி, உங்கள் வயதுக்கு வருகிறேன். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அன்றைக்கும் எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 2006-லேயே நிக்கோலா டூஷெனோ, நிக் யீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களைக் கவனித்து எழுதினார்கள்: பெரும்பாலான நேரம் தனியாகவே ஆடுகிறார்கள், மற்றவர்கள் சுற்றிலும் நடமாடுவது ஒரு துணையாக, வேடிக்கையாக, தங்களைப் பார்க்கும் கூட்டமாக இருக்கிறது என்று. உங்களுக்குக் கிடைத்தது ஒரு நல்ல கில்ட். அதற்குள் நீங்கள் போட்ட நேரமும் கொஞ்சமில்லை. இருபத்தொரு வயதில் வாரத்துக்கு எத்தனை இரவுகள் அங்கே இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பழக்கம் அந்த இரவுகளில் வளர்ந்தது. இப்போது இருக்கும் நேரத்தை வைத்து அதே அளவு எதிர்பார்த்தால் எந்த விளையாட்டும் ஏமாற்றம்தான் தரும்.

இன்னொரு காரணம் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. 2007-ல் உங்கள் கையில் இருந்த போனில் வாட்ஸ்அப் இல்லை. பேச வேண்டுமென்றால் கேமுக்குள் வந்தாக வேண்டும். 2015-ல் டிஸ்கார்ட் என்ற குழு உரையாடல் செயலி வந்தது. இன்று கில்ட்களின் பேச்சில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. கேம் சாட் காலியாக இருப்பதால் கில்டே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டஞ்சனில் உங்களுக்குப் பதில் சொல்லாத அந்த நாலு பேரில் இரண்டு பேர், அதே நேரத்தில் காதில் ஹெட்செட்டோடு தங்கள் நண்பர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். உங்களை யாரும் ஒதுக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே வேறொரு அறையில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அறைக்கு வழி தேடுவதுதான் உங்கள் வேலை.

உங்கள் மனைவி சொன்னதைப் பற்றி. அவர் அக்கறையில் சொல்கிறார், அதைத் தட்டிவிட வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையாவது உள்ளூர் நண்பர்களுக்கு ஒதுக்குங்கள். ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தால், மாட்ஸ் ஸ்டீன் கதையைச் சொல்லுங்கள். நார்வேக்காரர். டுஷேன் தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். மகன் யாரோடும் பழகாமல் கேம் ஆடியே காலம் கழித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவர் மறைந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. வார்கிராஃப்ட்டில் ஸ்டார்லைட் என்ற கில்டில் அவரோடு வருடக்கணக்கில் பழகியவர்கள். அவரால் எப்படித் தேறினோம், மனம் உடைந்திருந்தபோது எப்படிக் காது கொடுத்துக் கேட்டார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். உங்கள் போலந்து நண்பர் அந்த இரவு செய்ததும் அதே வகைதான்.

அந்த இரவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், நீங்கள் தேடுவதற்கான துப்பு அங்கே இருக்கிறது. தூண்டிலைப் போட்டால் மிதவை அசையும்வரை வேறு வேலையில்லை. கை சும்மா இருக்கிறது, அவசரம் இல்லை, ஜெயிக்க எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நேரம்தான் துக்கத்தைச் சொல்ல இடம் தரும். நிமிடத்தை எண்ணி ஓடும் டஞ்சனில் அதைத் தேடாதீர்கள். அங்கே "ஹாய்" போடுவது நல்ல பழக்கம், தொடருங்கள், பதிலை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த நண்பருக்கே எழுதுங்கள். இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பழைய மின்னஞ்சலோ பழைய படங்களின் நடுவில் ஒரு முகவரியோ எங்காவது கிடக்கும். கில்டில் இருந்த வேறு ஒருவர் வழியாகவும் போகலாம். கேமுக்குத் திரும்பி வரச் சொல்லி எழுத வேண்டாம். அந்த வாரம் அவர் கூட இருந்தது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று மட்டும் நாலு வரி எழுதுங்கள். நீங்கள் இழந்ததாக நினைப்பது விளையாட்டை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இருபது பேரையும்தான். அவர்களில் சிலர் இன்னும் கிடைப்பார்கள்.

புதிதாக மனிதர்கள் வேண்டுமென்றால், கில்ட் தேடும்போது நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய கில்ட்கள் பல ரெய்டைத் (பெரிய குழுவாகப் போகும் சண்டையை) தங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு வைக்கின்றன. குளிர்காலத்தில் உங்களுக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் வேலைக்குப் போகிற, குழந்தையை வளர்க்கிற மனிதருக்கு அது ஒத்துவராது; தூக்கம் கெட்டால் வீட்டிலும் சண்டை வரும். ஞாயிறு பிற்பகல் கூடும் கில்ட்களும் இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டு மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, கோடையில் ஐந்தரை. அப்படி ஒன்றைப் பிடித்து, வாரம் தவறாமல் அதே நேரத்துக்குப் போங்கள். ஐந்து கில்டில் எட்டிப் பார்ப்பதைவிட ஒன்றில் முகம் பழகுவது பலன் தரும்.

பதக்கங்களைப் பெருமையாகப் போட்டிருக்கும் பெரிய ரெய்டு கில்ட் வேண்டாம். கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் இருவரும் 2006-ல், இத்தகைய விளையாட்டுகள் வீட்டுக்கும் வேலைக்கும் வெளியே ஆட்கள் கூடும் பொது இடமாக இருக்கின்றன என்று எழுதினார்கள். அதோடு ஆட்டம் தீவிரமாக ஆக ஆக அந்தத் தன்மை மங்குகிறது என்றும் கவனித்தார்கள். என் அனுபவமும் அதுதான்: எண்களைப் பார்க்க ஆரம்பித்த குழு, ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடும். இருபது முப்பது பேர் உள்ள சின்ன கில்ட் போதும். சேர்வதற்கு முன்னால், "ரெய்டு இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு உற்சாகமாகப் பதில் வந்தால் சேருங்கள்.

போன பிறகு, மற்றவர்களுக்குத் தேவைப்படுகிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீலராக ஆடுங்கள், அல்லது பொருள் செய்து தருகிற தொழிலைக் கற்று கில்டில் கேட்பவருக்கெல்லாம் செய்து கொடுங்கள். புதிதாக வந்து திணறுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுங்கள். அன்றைக்கு விளையாட்டே உண்டாக்கிக் கொடுத்த தேவையை இன்றைக்கு நீங்களாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இன்றைய வார்கிராஃப்ட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. வார்கிராஃப்ட்டின் பழைய வடிவமான கிளாசிக்கில், 2023 ஆகஸ்ட்டில் தொடங்கிய ஹார்ட்கோர் சர்வர்களில் கேரக்டர் ஒருமுறை செத்தால் அவ்வளவுதான். அந்தப் பயத்தாலேயே முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கிறார்கள், உதவுகிறார்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரே குடும்பம்போல வளங்களைப் பகிர்ந்து ஆடும் முறை 2021-ல் வந்தது. குறைந்த நேரம் இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு, இரண்டு பழைய நண்பர்கள் கிடைத்தாலே ஆரம்பித்துவிடலாம். ஃபைனல் ஃபேன்டசி 14-ல் ஆட்டக்காரர்களே வாத்தியக் குழு நடத்துகிறார்கள், தங்கள் வீட்டில் விருந்து வைக்கிறார்கள். புதியவர்களுக்கென்று தனி சாட் உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் கொடுங்கள். பிறகு ஒரு வாரம் சொல்லாமல் போகாமல் இருந்து, திரும்பி வரும்போது யாராவது "எங்கே ஆளையே காணோம்?" என்று விசாரிக்கிறார்களா பாருங்கள். விசாரித்தால் அங்கேயே இருங்கள். இல்லையென்றால் வேறு கில்ட் தேடுங்கள். அங்கேயும் அப்படித்தான் என்றால் மாதச் சந்தாவை நிறுத்திவிடலாம், அதில் தவறொன்றும் இல்லை.